ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ்: எஞ்சின் சூட்டை மட்டும் முன்வைத்து ஒரு மதிப்பீடு

போர் விமான சிமுலேட்டர்களை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் மேகங்களின் அழகையும், கிடைக்கும் விமானங்களின் எண்ணிக்கையையும், குண்டு பட்ட இறக்கை கிழியும் விதத்தையும்தான் பேசுகிறார்கள். இந்த மதிப்புரை எடுத்துக்கொள்வது எஞ்சினின் சூடு என்ற ஒன்றை மட்டும். 2014-இல் இரண்டாம் உலகப் போரின் ஸ்டாலின்கிராட் சண்டையைக் களமாகக் கொண்டு வெளிவந்து, பிறகு மாஸ்கோ, குபான், போடன்பிளாட்டே, நார்மண்டி என்று விரிந்த ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ் வரிசையைப் பல ஆண்டுகளாக ஓட்டிவருகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு முடிவு உறுதியாகத் தெரிகிறது. சூட்டைச் சூடாகவே நடத்தும் இடங்களில் இந்த சிமுலேட்டர் மிகச் சிறந்தது. சூட்டின் இடத்தில் கடிகாரத்தை வைக்கும் இடத்தில் அது தன் தரத்திலிருந்து இறங்கிவிடுகிறது.

பிஸ்டன் எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் புரொப்பெல்லரைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மீதி முழுவதும் புகைக்குழாய் வழியாகவும், குளிர்விப்புத் திரவம், எண்ணெய், சிலிண்டர் சுவர்கள் ஆகியவற்றின் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். அதை வெளியேற்றும் ரேடியேட்டருக்குக் காற்று தேவை. அந்தக் காற்றை விமானத்தின் வேகம்தான் தருகிறது. ரேடியேட்டரின் காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மடலை அகலத் திறந்தால் அதிகக் காற்று ஓடிச் சூடு தணியும், ஆனால் காற்றின் எதிர்ப்பும் கூடுவதால் வேகம் குறையும். மடலை மூடினால் வேகம் கிடைக்கும், சூடு ஏறும். எதிரியைத் துரத்தும்போது மணிக்குப் பத்து, இருபது கி.மீ. வேறுபாடே வெற்றியைத் தீர்மானிக்கக்கூடும் என்பதால், ரேடியேட்டரை எவ்வளவு திறப்பது என்பது துப்பாக்கியை எப்போது இயக்குவது என்பதற்குச் சற்றும் குறையாத போர் முடிவாகிறது. எளிய சிமுலேட்டர்கள் இந்த முடிவை ஓட்டுநரிடமிருந்து பறித்துக்கொள்கின்றன. ஐஎல்-2 அதை ஓட்டுநர் கையில் கொடுக்கிறது. அதுவும் விமானத்துக்கு விமானம் வேறுபட்ட வடிவில் கொடுக்கிறது.

சோவியத் யாக்-1 விமானத்தை எடுத்துக்கொள்ளலாம். விமானியின் இருக்கைக்குப் பின்புறம் உடலின் அடியில் நீர் ரேடியேட்டர், மூக்குக்குக் கீழே எண்ணெய் ரேடியேட்டர் என்று அதில் இரண்டு உண்டு. இரண்டையும் விமானியே திறந்து மூடவேண்டும். இதில் பொருத்தப்பட்ட எம்-105பிஎஃப் எஞ்சினுக்கு இந்த விளையாட்டில் அவசர நிலை, அதாவது சிறிது நேரத்துக்கு மட்டும் அனுமதிக்கப்படும் உச்ச வலிமை, எதுவும் இல்லை. எஞ்சின் வலிமையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலான திராட்டிலை முன்னால் தள்ளி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பறக்கலாம். சூடு அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரே நிபந்தனையால் ஓட்டம் முழுவதும் உயிர்பெறுகிறது. புறப்படும்போது மடல்களை அகலமாக வைக்கிறோம். சக்கரங்களை ஏற்றி வேகம் கூடியதும் மெல்லக் குறைக்கிறோம். செங்குத்தாக ஏறத் தொடங்கினால் எஞ்சின் முழு வலிமையில் உழைக்க, காற்றோட்டமோ குறைவாக இருக்க, நீரின் சூட்டைக் காட்டும் மானியின் முள் ஏறுவதைக் காண்கிறோம். அங்கே இரண்டு வழிகள் உண்டு: மடலைத் திறந்து ஏறும் வேகத்தைச் சிறிது இழப்பது, அல்லது மூக்கைச் சில டிகிரி தாழ்த்தி முன்னோக்கிய வேகத்தைக் கூட்டிக் காற்றே குளிர்விக்கும்படி விடுவது. இரண்டாவது வழியைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் ஒருவருக்கு வந்துவிட்டதென்றால், அவர் ஏறுவதைச் சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

பருவமும் உயரமும் இந்தக் கணக்கில் முழுமையாக நுழைகின்றன. ஸ்டாலின்கிராடின் உறைந்த குளிர்காலக் களத்தில் போதுமானதாக இருந்த மடல் அளவு, குபானின் கோடைகாலக் களத்தில் எண்ணெயின் சூட்டை அபாய எல்லை நோக்கித் தள்ளிவிடும். ஆகவே ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு எல்லாக் களங்களிலும் பறக்க முடியாது. உயரத்தில் காற்று குளிர்ந்திருப்பதால் எஞ்சினும் எளிதாகக் குளிரும் என்று புதியவர்கள் எண்ணுவதுண்டு. கணக்கீடுகளுக்கு அடிப்படையாகக் கொள்ளும் நியம வளிமண்டலத்தில் 6,000 மீட்டர் உயரத்தில் வெப்பநிலை சுமார் கழித்தல் 24 டிகிரி செல்சியஸ்தான். ஆனால் காற்றின் அடர்த்தியும் தரைமட்ட அளவில் பாதிக்குச் சற்று மேல் மட்டுமே. குளிர் தரும் ஆதாயத்தின் பெரும்பகுதியை அடர்த்திக் குறைவு விழுங்கிவிடுகிறது. எதிர்த்திசைப் பிழையும் கவனிக்கத்தக்கது: திராட்டிலை முழுதாகக் குறைத்து, மடல்களைத் திறந்தபடியே நீண்ட நேரம் பாய்ந்து இறங்கினால் எஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடுகிறது. பாய்வதற்கு முன் மடல்களை மூடுவது வேகத்துக்கும் நல்லது, எஞ்சினுக்கும் நல்லது.

இந்த வரிசையில் நான் மிகவும் மதிப்பது, இரு தரப்பு விமானிகளின் வேலைச்சுமையில் இருந்த வேறுபாட்டை அது மழுப்பாமல் காட்டுவதை. ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 எஃப்-4 ரகத்தில் ரேடியேட்டர் மடல்கள் தெர்மோஸ்டாட் என்ற வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி மூலம் தாமாகவே இயங்குகின்றன; விமானி விரும்பினால் கைக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு எதிரே பறக்கும் சோவியத் லா-5 விமானியோ எண்ணெய் ரேடியேட்டர், எஞ்சினின் முன்புறக் காற்று நுழைவுத் தகடுகள், பக்கவாட்டு வெளியேற்ற மடல்கள் என மூன்றையும் கவனிக்க வேண்டும். வட்டமிட்டுச் சண்டையிடும் நேரத்தில் ஒருவர் எதிரியை மட்டும் பார்க்க, மற்றவர் எதிரியையும் மானிகளையும் பார்க்கிறார். வேகப் பட்டியல்களை ஒப்பிட்டுப் படிப்பதால் இந்த வேறுபாடு புரியாது. இரு பக்கமும் மாறிமாறிப் பறந்தவர்களுக்கே அதன் எடை தெரியும்.

பெயருக்குக் காரணமான ஐஎல்-2 தாக்குதல் விமானத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அதன் எண்ணெய் ரேடியேட்டர் உடலின் அடியில், கவசத்துக்குள் அமைந்தது. தரையிலிருந்து வரும் குண்டுகள் முதலில் தேடும் இடம் அது. அதனால் இலக்கை நெருங்கும்போது கவசத் தகடுகளை மூடிக்கொண்டு தாக்கி, விலகியதும் திறக்கவேண்டும். மூடிய நொடியிலிருந்து எண்ணெய் சூடேறத் தொடங்குகிறது. முதல் பாய்ச்சல் முடிந்ததும் இரண்டாவது பாய்ச்சலுக்கு உடனே திரும்புவதா, எண்ணெய் தணியும்வரை தாழ்வாகச் சுற்றி வருவதா என்ற கேள்விக்குக் கீழே இருக்கும் பீரங்கிகளும் மானியின் முள்ளும் சேர்ந்து பதில் சொல்கின்றன. வெப்பத்தை நன்கு உருவகப்படுத்திய சிமுலேட்டர் எதைத் தர முடியும் என்று யாராவது கேட்டால், இந்த ஒரு தாக்குதலைப் பறந்து பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இனி குறைக்கு வருகிறேன், அது சிறியதல்ல. எஃப்-4 ரகத்தில், எஞ்சினுக்குள் செலுத்தப்படும் காற்று 1.42 ஆட்டா (ஜெர்மன் அழுத்த அலகு; ஒரு ஆட்டா ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்தில் இருக்க, நிமிடத்துக்கு 2,700 சுற்றுகளில் ஓடும் அவசர நிலைக்கு விளையாட்டின் விவரக்குறிப்பு 1 நிமிடம்தான் தருகிறது, 1.3 ஆட்டா போர் நிலைக்கு 30 நிமிடம். மறைவாக ஓடும் ஒரு கணக்கு அந்த நேரத்தைக் கழித்துக்கொண்டே வருகிறது. நேரம் தீர்ந்த பிறகும் அதே நிலையில் நீடித்தால், நீரும் எண்ணெயும் இயல்பான சூட்டில் இருந்தாலும், எஞ்சின் சேதமடைகிறது. வலிமையைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் அந்தக் கணக்கு மெல்லத் திரும்ப நிரம்புகிறது. நிறைந்த குளிரில், மடல்கள் விரியத் திறந்த நிலையில், எல்லா முட்களும் பச்சையில் நிற்க ஓர் எஞ்சின் நேரக் கணக்கால் மட்டும் நொறுங்குவது, இதே சிமுலேட்டர் மற்ற இடங்களில் கற்றுத்தரும் இயற்பியலுக்கே எதிரானது.

அந்தக் காலத்துக் கையேடுகளில் நேர வரம்புகள் இருந்தன என்பது உண்மை. அவை எஞ்சினின் தேய்மானத்தையும் பராமரிப்பு இடைவெளியையும் கருதி வகுக்கப்பட்டவை. வரம்பைத் தாண்டியதுமே எஞ்சின் வெடித்துவிடும் என்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. வரம்பை மீறிய விமானி தரையிறங்கியதும் அதைத் தெரிவிப்பார். மெக்கானிக் எஞ்சினைத் திறந்து பார்ப்பார். விலை பின்னால் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு பறப்பிலும் புதிய எஞ்சின் கிடைக்கும் விளையாட்டில் அந்த விலையை எப்படி வசூலிப்பது என்ற சிக்கல் தயாரிப்பாளர்களுக்கு இருந்திருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. வரம்பே இல்லாமல் விட்டால் எல்லாரும் எப்போதும் முழு அழுத்தத்தில் பறப்பார்கள். ஆனாலும் கையேட்டில் தாராளமாக எழுதிய நாட்டின் விமானத்துக்குச் சலுகையும், எச்சரிக்கையாக எழுதிய நாட்டின் விமானத்துக்குத் தண்டனையும் கிடைக்கும் முறையை நியாயமானது என்று என்னால் ஏற்க முடியவில்லை. எரிகலவை அளவுக்கு மீறிச் சூடாகித் தானாகவே வெடித்து எரியும் நாக்கிங் ஏற்படுவது, எண்ணெய் மெலிந்து பேரிங்குகள் தேய்வது போன்ற உண்மையான காரணங்கள் வழியாகச் சேதத்தைக் கொண்டுவர இடமிருந்தது.

அது சாத்தியம்தான் என்பதற்கு டிசிஎஸ் வேர்ல்ட் என்ற மற்றொரு சிமுலேட்டரின் பிஸ்டன் எஞ்சின் விமானங்கள் சான்று. அங்கே ஒவ்வொரு விமானத்தையும் தனித்தனியாக வாங்க வேண்டியிருக்கிறது, எண்ணிக்கையும் குறைவு. எஞ்சின் சூட்டைப் பொறுத்தவரை ஆழம் அதிகம். அதன் ஸ்பிட்ஃபயர் மார்க் 9-இல் ரேடியேட்டருக்கென்று விமானி இயக்கும் நெம்புகோலே இல்லை. உண்மை விமானத்தில் இருந்ததைப் போலவே மடல்கள் 115 டிகிரி செல்சியஸில் தாமாகத் திறக்கும். தரையில் சோதித்துப் பார்க்க ஒரு பொத்தான் உண்டு. நெம்புகோல் இல்லாததால் வேலை இல்லை என்று நினைப்பவர்கள் ஓடுபாதையை அடைவதற்கு முன்பே திருத்தப்படுகிறார்கள். பறக்கப் புறப்படுமுன் குளிர்விப்புத் திரவம் 60 டிகிரிக்கும் எண்ணெய் 15 டிகிரிக்கும் வரவேண்டும். அது வந்த பிறகு தரையில் அதிக நேரம் நிற்கவும் முடியாது. இறங்கிய நிலையிலுள்ள சக்கரக் கால்கள் ரேடியேட்டருக்கு வரும் காற்றை மறைப்பதால் முள் விரைவாக ஏறிக்கொண்டே போகும். மேலே சென்றபின் பிரிட்டிஷ் கையேட்டின் எண்கள் துணைக்கு வருகின்றன: தொடர்ந்து பறக்க 105, ஏறும்போது 125, ஐந்து நிமிடப் போர் நிலைக்கு 135 டிகிரி. வேகம், சுற்றுகளின் எண்ணிக்கை, அழுத்தம் ஆகிய மூன்றை மட்டும் வைத்து இந்த எல்லைகளுக்குள் நிற்க வேண்டியிருப்பது ஒரு நேர்த்தியான பயிற்சி.

2012-இல் அங்கே வந்த பி-51டி மஸ்டாங் வேறு பாடம் சொல்கிறது. 1930-களில் பிரிட்டனின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு மையத்தில் பணியாற்றிய மெரிடித் என்ற பொறியாளர் விளக்கிய கருத்தின்படி, ரேடியேட்டரைக் கடந்து சூடான காற்றை ஒரு குழலின் குறுகிய வாய் வழியாகப் பின்னோக்கி வெளியேற்றினால், குளிர்விப்பால் உண்டாகும் எதிர்ப்பின் பெரும்பகுதியை ஈடுசெய்யலாம். மஸ்டாங்கின் வயிற்றுப் பகுதியில் தொங்கும் அந்தப் பெட்டி அதற்காகவே வடிவமைக்கப்பட்டது. அதன் வெளிவாயில் கதவைத் தானியங்கி நிலையில் விட்டால் திரவம் 100 முதல் 110 டிகிரிக்குள் நிற்கும். 121 டிகிரி உச்ச எல்லை. ஆனால் எஞ்சினுக்குள் செல்லும் காற்று 67 அங்குலப் பாதரச அழுத்தத்தில் இருக்க, குறைந்த வேகத்தில், மூக்கை மேலே வைத்துத் தொங்கிக்கொண்டு சண்டையிட்டால் எந்தத் தானியங்கியும் காப்பாற்றாது; கதவு முழுதாகத் திறந்த பிறகும் வரும் காற்று போதாமல் திரவம் கொதித்து வெளியேறும்.

அதே டிசிஎஸ்ஸில் உள்ள பி-47 தண்டர்போல்ட்டின் 18 சிலிண்டர், 46 லிட்டர் எஞ்சினில் திரவமே இல்லை, காற்றுதான் குளிர்விக்கிறது. அங்கே சிலிண்டர் தலையின் சூடு, எண்ணெயின் சூடு, கார்புரேட்டருக்குள் நுழையும் காற்றின் சூடு என்ற மூன்றையும் படிக்கப் பழகவேண்டும். டர்போ என்ற காற்றழுத்தி அழுத்திய காற்று சூடாகவே வரும். அதை இன்டர்கூலர் என்ற குளிர்விப்பான் தணிக்காவிட்டால், சிலிண்டர் தலை இயல்பாக இருக்கும்போதே நாக்கிங் தொடங்கிவிடும். சூடு எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது என்று தடம்பற்றிச் சிந்திக்கும் பழக்கத்தை இந்த விமானத்தைப் போல் வேறெதுவும் தருவதில்லை.

டிசிஎஸ்ஸுக்கும் ஒரு பலவீனம் உண்டு. கணினி ஓட்டும் விமானங்கள் எளிமைப்படுத்திய பறப்பு மாதிரியில் இயங்குகின்றன. நாம் ஒவ்வொரு டிகிரியையும் எண்ணிக்கொண்டு ஏறும்போது எதிரிக்கு அந்தக் கவலை நம் அளவுக்கு இல்லை. மனிதர்கள் இரு பக்கமும் ஓட்டும் ஆட்டங்களில்தான் அந்த உழைப்புக்கு முழுப் பயன் கிடைக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2001-இல் வந்த பழைய ஐஎல்-2 ஸ்டர்மோவிக் ரேடியேட்டரைச் சில படிகளாக மட்டும் தந்து, எல்லை மீறினால் எஞ்சின் அதிகச் சூடு என்று திரையில் எழுதிக் காட்டியது. அந்தக் காலத்துக்கு அது போதுமானது. 2011-இல் வந்த கிளிஃப்ஸ் ஆஃப் டோவர் எஞ்சின் வெப்பத்தின் விளைவுகளைத் தனி அமைப்பாகவே வைத்திருக்கிறது. பிரிட்டன் சண்டைக் காலத்து ஸ்பிட்ஃபயரிலும் மெஸ்ஸர்ஷ்மிட் 109 இ ரகத்திலும் ரேடியேட்டர் கையால் இயக்கப்படுவதால், இரு தரப்புக்கும் ஒரே அளவு சுமை என்ற அரிய சமநிலை அங்கே கிடைக்கிறது. வார் தண்டர் என்ற இணையப் போர் விளையாட்டு கைமுறை எஞ்சின் கட்டுப்பாட்டைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ரேடியேட்டர் சதவீதத்தை ஒப்படைக்கிறது. ஏறும்போது இதனால் தெளிவான ஆதாயமும் உண்டு. ஆனால் விரும்பாதவர்களைத் தானியங்கியிலேயே விட்டுவிடுவதால் அது ஓர் உத்தியாகவே நின்றுவிடுகிறது.

மீண்டும் கிரேட் பேட்டில்ஸ். சூட்டை அது எப்படித் தெரிவிக்கிறது என்பதும் மதிப்பீட்டில் சேரவேண்டும். ரேடியேட்டர் எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது, நீர் அதிகச் சூடாகிறது என்பன போன்ற செய்திகளைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வசதி உண்டு. அதை அணைத்துவிட்டால் மானிகளும் கண்ணும் மட்டுமே துணை. சில விமானங்களில் மடலின் நிலையை அறிய இறக்கையை எட்டிப் பார்ப்பதே வழி. விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடி அணிந்து பறப்பவர்களுக்குச் சிறிய மானிகளைப் படிப்பது சிரமம். அவர்கள் செய்திகளை வைத்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. ரேடியேட்டரில் குண்டு பட்டால் வெண்மையான ஆவிக்கோடு பின்னால் நீள்கிறது. அங்கிருந்து எஞ்சினுக்கு மிஞ்சியிருப்பது சில நிமிடங்கள். திராட்டிலைக் குறைத்துச் சூடு பிறப்பதையே கட்டுப்படுத்தினால் அந்தச் சில நிமிடங்கள் நம் எல்லைக் கோட்டைத் தாண்டும் அளவுக்கு நீளக்கூடும். இந்தக் கட்டத்தை இந்த சிமுலேட்டர் மிக நேர்மையாகக் கையாள்கிறது.

கருவிகளைப் பற்றி ஒரு சொல். ரேடியேட்டரை விசைப்பலகைப் பொத்தான்களில் வைத்தால் கண் திரையை விட்டு அகலும். திராட்டிலில் உள்ள ஒரு சுழலும் குமிழையோ நகரும் பட்டையையோ நீர் ரேடியேட்டருக்கு ஒதுக்குங்கள். இன்னொன்று இருந்தால் எண்ணெய்க்கு. விரல் இருக்கும் இடமே மடலின் அளவைச் சொல்லிவிடும். வலிமையைக் கூட்டும்போது முதலில் சுற்றுகளையும் பிறகு அழுத்தத்தையும் ஏற்றுவது, குறைக்கும்போது முதலில் அழுத்தத்தையும் பிறகு சுற்றுகளையும் இறக்குவது என்ற வரிசையையும் கைக்குப் பழக்கிவிட வேண்டும். குறைந்த சுற்றில் மிகுந்த அழுத்தம் கொடுப்பது நாக்கிங்கை வலிய அழைப்பதாகும்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை ஸ்டாலின்கிராட் தொகுதிதான். யாக்-1, ஐஎல்-2, மெஸ்ஸர்ஷ்மிட் எஃப்-4, ஜி-2 ஆகியவை அதிலேயே இருக்கின்றன. லா-5, ஃபோக்கவுல்ஃப் 190 ஏ-3 இரண்டும் அதன் பிரீமியம் பதிப்பில் வந்தவை. 1.42 ஆட்டாவுக்கு வழியே இல்லாத ஜி-2, அவசர நிலையின் கடிகாரத் தொல்லை இன்றிப் பழக ஏற்றது. முதலில் யாக்-1-ஐ எடுத்து, குளிர்விப்பைக் கணினியே பார்த்துக்கொள்ளும் உதவியை அணைத்து, திரைச் செய்திகளை மட்டும் விட்டுவைத்துக் குளிர்காலக் களத்தில் பறக்கத் தொடங்கலாம். அங்கே ஏற்றமும் பாய்ச்சலும் கைவந்தபின் அதே விமானத்தைக் கோடைகாலக் களத்துக்கு மாற்றி, செய்திகளையும் அணைத்துவிட்டுப் பறக்கலாம்.